கொளஞ்சி அண்ணா கேட்ட டூவீலர் இடம்

கொளஞ்சி அண்ணா இறந்துவிட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

விருத்தாசலம் கடைத்தெருவுக்குப் பின்னால், பழைய மைதானத்தில் டூவீலர் ஸ்டாண்டு வைத்திருந்தாரே, அவர்தான். தோளில் துண்டு, சட்டைப் பையில் கபடி கமென்ட்ரி கத்திக்கொண்டிருக்கும் ஒரு போன்.

நான் கடைத்தெருவில் கட்டட பிளான் போடும் ஒரு ஆபீஸில் இருக்கிறேன். கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். ஆபீஸ் வாசலில் ஒரு செருப்பு விடக்கூட இடம் கிடையாது, அதனால் பதினோரு வருஷம் என் ஸ்கூட்டி அண்ணாவிடம்தான் நின்றது.

அந்த ஸ்டாண்டில் டோக்கனே கிடையாது. எங்கே போறீங்க, எப்போ திரும்புவீங்க... இந்த இரண்டு கேள்விதான்.

வேப்பூர் போய் சென்னை பஸ் பிடிக்கிறவர்களின் வண்டி சுவரோரம். ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகிறவர்கள் மதியம் வந்துவிடுவார்கள் என்பதால் முன் வரிசை. பீங்கான் கம்பெனிகளில் கழித்துப் போட்ட பியூஸ் கட்டைகளை மண்ணில் பதித்து வரிசைக்கு வரிசை கோடு போட்டு வைத்திருப்பார்.

ஒருநாள் ஆறு மணி என்று சொல்லிவிட்டுப் போனவள், பையனுக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலிலிருந்து போன் வர, பதினோரு மணிக்கே ஓடி வந்தேன். என் வண்டி நட்ட நடுவில் மாட்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை வண்டியையும் நகர்த்திக் கொடுத்தார். மறுநாள்தான் கிண்டல்... இனிமேல் உங்களுக்கு ரெண்டு டைம் கேட்டு வச்சுக்கணும் போல என்று.

அப்புறம்தான் அந்த மைதானத்தில் இன்டோர் ஸ்டேடியம் வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. கடைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. நெய்வேலிக்கும் கடலூருக்கும் போகிற கூட்டம் திரும்பி வரும், கடைத்தெரு பழையபடி ஆகும் என்று ஒரே பேச்சு.

ஸ்டாண்டு போகுமே, அண்ணா எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவருக்குத்தான் முதல் சந்தோஷம். வருஷா வருஷம் மழையில் நின்றுபோகும் கபடி இனி நிற்காதாம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிளானைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். எல்லோரும் பார்க்கிங் பார்க்கிங் என்று கத்திக்கொண்டிருந்தபோது, அண்ணா அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுக் கையைத் தூக்கினார்.

"காருக்குக் கட்டம் கட்டமா போட்டிருக்கீங்க, நல்லா இருக்குது. மேட்ச் பாக்க வர்றவங்க டூவீலர்லதாங்க வருவாங்க. அது எங்க நிக்கும்?"

எல்லோரும் எழுந்து வந்து பிளானில் தேடினார்கள். டூவீலருக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அந்த பிளானை வரைந்தது நான்.

எந்த ஊர் பிளானையோ பார்த்து, கார் கார் என்று போட்டுவிட்டேன். தினமும் இரண்டு சக்கர வண்டியில் வந்து, அவரிடமே நிறுத்திவிட்டுப் போகிறவள்... மண்டபத்தில் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு வெட்கம்.

மறுநாள் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டே அவர் சொன்னது: "எவனோ கார்லயே பொறந்து வளந்தவன் வரைஞ்சிருக்காம்மா. நீங்க அந்த வேலையிலதான இருக்கீங்க, கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

சொல்லிப் பாக்குறேன் அண்ணா என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போனேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, வரிசை வரிசையாக ஸ்டாண்டையே அளந்தோம். எங்கே திருப்ப இடம் விடணும், மழைத் தண்ணி எந்தப் பக்கம் தேங்கும்... எல்லாம் அவர் சொன்னது. திருத்திய பிளானில் வடக்குப் பக்கம் முழுக்க டூவீலருக்கு என்று போட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

ஸ்டாண்டைக் காலி செய்த பிறகும் அண்ணா தினமும் வேலை நடக்கிற இடத்துக்கு வந்துவிடுவார். என்னைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சுதாம்மா என்று சிரிப்பார். இன்னும் தெரியலண்ணா என்பேன். எத்தனை தடவை... ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் டீயைக் கையில் வாங்குவேன்.

மேலே கூரை போட்டாகிவிட்டது. உள்ளே இன்னும் ஒரு மேட்ச் நடக்கவில்லை. அவர் பார்க்காமலே போய்விட்டார் என்பதைத் தாங்க முடியவில்லை.

மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என்னால் அங்கே அடக்க முடியவில்லை... அந்தத் தப்பான பிளான் என்னுடையதுதான், அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை என்று உளறிவிட்டேன்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்:

"அது அவருக்குக் கூட்டம் நடந்த அன்னிக்கே தெரியும்மா. போன்ல போட்டோ புடிச்சாந்து பொண்ணுகிட்ட காட்டினாரு. ஓரத்துல ஒங்க பேருதான் இருக்குன்னு அது படிச்சி சொல்லிச்சு. கேட்டா அந்தம்மா ஸ்டாண்டுக்கு வராம போயிடும், யாரும் கேக்கக் கூடாதுன்னுட்டாரு."

அண்ணா... அதை வரைந்தது நான்தான்.