முன்வரிசையில் மட்டும் சாமான் இருந்த கடை

கவிதா, தினேஷ்,

ஸ்கூடாய் நெரிசலில் கார் நிற்கும்போதெல்லாம் மூடிக் கிடக்கும் அந்த ஷாப்பிங் மாலைக் காட்டி, "அப்பா, அங்கதானே வேலை செஞ்சீங்க, ஏன் மூடிட்டாங்க?" என்று கேட்கிறீர்கள். "ஆளு வரல, மூடிட்டாங்க" என்று நான் சொல்வதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிடுகிறது. நான் சொல்வது பொய்யில்லை. ஆனால் எங்கள் கடையைப் பொறுத்தவரை அதில் பாதிதான் இருக்கிறது. மீதியை எழுதி வைக்கிறேன். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

1. ஃபேசிங்

மாலின் கீழ்த்தளத்தில் இருந்த பெரிய சூப்பர்மார்க்கெட்டில் மளிகைப் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். முதல் நாள் எனக்குக் கற்றுக்கொடுத்த வேலை ஃபேசிங். ரேக்கில் இருக்கும் சாமானை முன்விளிம்புவரை இழுத்து, பெயர் தெரியும்படி நேராகத் திருப்பி வைக்க வேண்டும். ஒருவர் முன்னால் இருக்கும் டின்னை எடுத்துப் போனால், பின்னால் இருப்பதை உடனே முன்னுக்கு இழுக்க வேண்டும். ரேக் நிறைந்திருந்தால்தான் வாங்க வருகிறவருக்குக் கை நீளும் என்பது இந்தத் தொழிலின் நம்பிக்கை. கடை திறக்கும் முன்பு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மூடும் முன்பு ஒரு தடவை. நடந்து போகும்போதே கை தானாக இழுக்கும். நம் வீட்டு அலமாரியில் மைலோ டின்கள் ஏன் எப்போதும் ராணுவம் மாதிரி நிற்கின்றன என்று அம்மா கேலி செய்வாள் அல்லவா, காரணம் இதுதான்.

என்னோடு ஃபேசிங் செய்தவர் ராஜி. ராஜேஸ்வரி என்பது முழுப் பெயர். மாலுக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். கணவருக்குப் பக்கவாதம். மதிய இடைவேளையில் ஓடிப்போய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு, திரும்ப ஓடி வருவார். நடந்து போகும் தூரத்தில் வேலை என்பதால்தான் அவரால் வேலைக்கே வர முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2. லாரியைவிட மோட்டார் சைக்கிள் அதிகம்

மால் மேலேயிருந்து காலியானது. முதலில் சினிமா போனது. பிறகு துணிக்கடை, செருப்புக்கடை. மூடிய கடைகளின் முகப்பில் பலகை அடித்து, விரைவில் புதிய கடை என்ற எழுத்தோடு சிரிக்கும் பெண்ணின் படத்தை ஒட்டினார்கள். அந்தப் பெண் வெளுத்துப்போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்கள் புதிய மால்களுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் கைப்பேசியிலேயே வாங்கினார்கள்.

மற்றவர்கள் என்று ஏன் சொல்கிறேன், எங்கள் ஆட்களே அப்படித்தான். பகலில் வீட்டில் ஆள் இல்லாததால் எல்லாரும் கடை முகவரியைக் கொடுத்து வாங்குவார்கள். சரக்கு இறக்கும் இடத்தில் சப்ளையர் லாரியைவிட பார்சல் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்தான் அதிகம் நின்றது. ஒருநாள் ராஜிக்குப் பெரிய பெட்டி வந்தது. மேனேஜர் நசீர் பக்கத்தில் நின்றார். நாகூர்க்காரர் மகன், என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர்.

"என்னக்கா இது?"

"குக்கரு, பாஸ்."

"நம்ம கடையில எட்டாம் வரிசையில இருக்கேக்கா, குக்கரு."

"அது நம்ம கடை விலை, பாஸ். இது வீட்டுக்கு வாங்குறது."

நசீர் சிரித்துவிட்டார். "அலமாக், நீங்களே இப்படின்னா ஊரச் சொல்லி என்னா புண்ணியம்" என்று அவரே கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

3. மிஸ் சோங் வருகை

சப்ளையர்கள் சரக்கைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு தீபாவளிக்கு முன்பு கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து மிஸ் சோங் என்பவர் கிளைகளைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எங்களையும் கெலாங் பாத்தா கிளையையும் பார்ப்பாராம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு.

நசீர் எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார். "மணியண்ணே, கடை செத்துப்போச்சுன்னு அந்தம்மா நெனச்சிடக் கூடாது. உள்ள வந்ததும் பளிச்சுன்னு இருக்கணும். ஒரு ஓட்டை தெரியக் கூடாது."

"ஸ்டோர்ல சரக்கு இல்ல, பாஸ்."

"இருக்கறத முன்னால இழுங்கண்ணே. நமக்குத் தெரியாத வேலையா?"

நமக்குத் தெரிந்த வேலைதான். மைலோ டின் ஒரே வரிசை இருந்தது. அதை விளிம்பில் நிறுத்தி, பின்னால் சரிந்து போகாமல் இருக்கக் காலி அட்டைப் பெட்டிகளை முட்டுக்கொடுத்தோம். கடலை மாவு, உளுத்தம் மாவு, நெய், எல்லாவற்றிற்கும் அதே ஏற்பாடு. எதுவுமே இல்லாத இரண்டு ரேக்குகளில் தண்ணீர்ப் போத்தல்களை மேலிருந்து கீழ்வரை அடுக்கினோம். முடித்துவிட்டு ராஜி வாசலில் போய் நின்று பார்த்தார்.

"அண்ணே, கண்ணு பட்டுடும் போல. எம் புருசன் கேட்டாரு, ஒங் கடைய மூடுறாங்களாமேன்னு. இதப் பாத்தா எவனாச்சும் மூடுவானா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

மிஸ் சோங் மெலிந்த பெண்மணி. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வரிசையாகப் படமெடுத்துக்கொண்டே நடந்தார். எதையும் தொடவில்லை. மைலோ ரேக்கின் முன்னால் நின்று கையை நீட்டினார். ராஜி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மிஸ் சோங் கோணலாக இருந்த ஒரு விலைச்சீட்டை நேராக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"சந்தேக் லா. செமுவா பெனோ" என்றார் நசீரிடம். அழகு, எல்லாம் நிறைந்திருக்கிறது என்று மலாயில் பாராட்டினார். அவர் போனதும் நசீர் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார்.

4. வராத லாரி

தீபாவளி நெருங்கியது. தலைமையகத்து லாரி வரவில்லை. நசீர் தினமும் அழைத்தார். கடைசியில் கிடைத்த பதில் இதுதான்: உங்கள் கிளையில் சரக்கு போதுமான அளவு இருப்பதைப் படத்தில் பார்த்தோம், பண்டிகைச் சரக்கைத் தேவையான கிளைக்கு அனுப்பிவிட்டோம்.

தேவையான கிளை கெலாங் பாத்தா. அங்கே என் மாதிரியே சூப்பர்வைசராக இருந்த செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, நீங்க எப்படி அடுக்கினீங்க?"

"அடுக்குறதா? அடுக்க ஆளு ஏது மணி? ரெண்டு பேரு ஒடம்பு சரியில்லன்னு எம்சி லீவு போட்டுட்டு வீட்டுல படுத்துட்டானுங்க. ரேக்கெல்லாம் பல்லு போன வாய் மாதிரி கெடந்துச்சு. அந்தம்மா மொகம் செவந்துபோய் நின்னுச்சு. என் வேலை போச்சுன்னுதான் நெனச்சேன். இப்ப பாரு, ரெண்டு லாரி நிக்குது, வைக்க எடமில்ல. ஒனக்கு வேணுமா?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை கொஞ்சம் கூட்டம் வந்தது. பலகாரத்துக்கு மாவு வாங்க வந்த ஒரு பெரியவர் கடலை மாவு மூன்று பாக்கெட் எடுத்தார். நான்காவதுக்குக் கையை உள்ளே விட்டார். காலி அட்டைப் பெட்டி கையோடு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இது கடையா, டிராமாவா? மொகப்பு மட்டும் கட்டி வச்சிருக்கீங்க?"

"முடிஞ்சிருச்சுங்க. சரக்கு வரலைங்க."

"வரலைன்னா வரலைன்னு காலியா விடுறதுதானேப்பா? நான் இந்த நெரிசல்ல இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்ல?"

எடுத்த மூன்று பாக்கெட்டையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். ராஜி பின்னாலேயே வந்து பாக்கெட்டுகளைத் திரும்ப நேராக்கினார். அது பழக்கம். மனுசர் எப்படி இருந்தாலும் கை அதன் வேலையைச் செய்யும்.

அந்தத் தீபாவளி விற்பனையை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். எங்கள் கிளை மூடப்பட்டது. நாங்கள் போனதும் மாலில் மிச்சமிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

நிர்வாகம் எங்களுக்குக் கெலாங் பாத்தாவில் வேலை தருவதாகச் சொன்னது. நான் போனேன். ராஜியால் முடியவில்லை.

"பஸ்ஸு மாறிப் போய் வர பொழுதாயிடும். மத்தியானம் அவருக்கு யாருண்ணே சோறு ஊட்டுவா?"

"நசீர்கிட்ட சொல்லிப் பாரேன். அரை நாள் வேலை கேட்கலாம்."

"அவருக்கே அங்க வேலை கெடைக்கல, நம்ம பாஸுக்கு. அவருகிட்டப் போய் என்னா கேக்குறது?" பிறகு சொன்னார்: "அண்ணே, அன்னைக்கு அந்தம்மா மைலோவுல கை வச்சிச்சே, ஒண்ணே ஒண்ணு எடுத்திருந்தா போதும்ணே."

இப்போது தன் அடுக்குமாடியின் கீழே இருக்கும் பிள்ளைகள் காப்பகத்தில் பாத்திரம் கழுவுகிறார். சம்பளம் முன்னைவிடக் குறைவு. நடந்து போகும் தூரம்.

5. உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது

மால்கள் மூடுவதை நாங்கள் நிறுத்தியிருக்க முடியாது. அந்த லாரி வந்திருந்தாலும் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ராஜிக்கு அந்தக் கொஞ்ச காலம் பெரிது. நாங்கள் யாரையும் ஏமாற்றி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கற்ற வேலையை நன்றாகச் செய்தோம். நன்றாகச் செய்ததால், கொடுக்க வேண்டியவருக்கு, எங்களிடம் இல்லை என்பது தெரியாமல் போனது.

தினேஷ், நீ ஹாஸ்டலிலிருந்து பேசும்போது எதைக் கேட்டாலும் "ஓகேப்பா" என்கிறாய். கவிதா, நீயும் சிங்கப்பூர் வேலையைப் பற்றி அதையேதான் சொல்கிறாய். ஓகேவாக இருந்தால் சந்தோஷம். இல்லாதபோது இல்லை என்று சொல்லுங்கள். நான் பெரிய லாரி இல்லை, ஆனாலும் எங்கே அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

போன மாதம், அம்மா ஒரு கல்யாணத்துக்காக பண்டார் தெங்காரா போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ரொட்டி வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனேன். இன்னும் நன்றாக ஓடுகிற கடை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சார்டின் மீன் டின் ரேக்கைக் கடக்கும்போது கால் நின்றது. டின்கள் விளிம்பில் ஒரே வரிசையாக, பெயர் தெரிய, நூல் பிடித்த மாதிரி நின்றன. நல்ல கை. இரண்டு டின்னுக்கு நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். பின்னால் அட்டைப் பெட்டி தட்டுப்பட்டது.

அந்த வரிசையில் வேறு யாரும் இல்லை. டின்களை இறக்கி, பெட்டியை உருவித் தரையில் வைத்தேன். பிறகு டின்களை ஒவ்வொன்றாக ரேக்கின் கடைசிவரை தள்ளி வைத்தேன். முன்பக்கம் முழுவதும் காலியாகத் தெரிந்தது.