சுவரின் மூலை

நியூசிலாந்தில், ஒடாஹுஹுவில் ஒரு டைல்ஸ் கடையில் பதினான்கு வருடம் நின்றிருக்கிறேன். பெட்டிகளின் மேல் ஸ்பெயின் நகரங்களின் பெயர்கள் இருக்கும். செவில்யா நீலம், கோர்டோபா வெள்ளை, கிரனாடா பச்சை. ஆக்லாந்தின் பாதிக் குளியலறைகளுக்கு அந்த நகரங்களை விற்றவள் நான்.

ஒருமுறை வந்த கேட்லாக்கில் அசல் சுவரின் படம் இருந்தது. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனை. இயந்திரம் அச்சடித்த பூவேலை அல்ல. ஒவ்வொரு நிறத்தையும் தனியாக வெட்டி நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொருத்தியிருந்தார்கள். பிறகு தேடிப் பார்த்த படங்களில் எல்லாம் சுவரின் நடுப்பகுதிதான் இருந்தது. பதிக்கிறவனின் கெட்டித்தனம் மூலையில்தான் தெரியும். இரண்டு சுவர்கள் சந்திக்கிற இடத்தில் அந்த நட்சத்திரம் வெட்டுப்படுகிறதா, மடங்கித் திரும்புகிறதா? அதை என் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். வேறு பெரிய ஆசைகள் எனக்கு இருந்ததில்லை.

கோவிடுக்கு முந்தின வருடம் போனோம். நானும் கணவரும் மட்டும் என்றுதான் பேச்சு. ஹில்ஸ்பரோவில் இருக்கும் அவருடைய தமையனும் மனைவியும் ஒட்டிக்கொண்டார்கள். கூடவே ஒரு ரைஸ் குக்கரும் வந்தது.

செவில்யாவில் முதல் நாளே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. படிகளின் முகப்பில் டைல்ஸ், பூங்கா இருக்கையில் டைல்ஸ், தெருவின் பெயர்கூட டைல்ஸில். மத்தியானம் கடைகளைச் சாத்தி, ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு ஊரே அடங்கிவிடும். ஒடுங்கிய சந்துகளில் நிழல் குளிர்ந்து கிடக்கும். வாசல் கம்பிக் கதவு வழியே பார்த்தால் உள்ளே ஒரு முற்றமும், பூச்சட்டிகளும், சொட்டுகிற நீர்த்தொட்டியும். நாங்கள் இருக்கும் கிளென் ஈடனில் பலகை வீட்டையும் இரட்டைக் கராஜையும் பார்த்துப் பழகிய எனக்கு, தெருவில் போகிறவனுக்காகவும் ஒரு ஊர் இவ்வளவு மெனக்கெடும் என்பது நம்பவே முடியாததாக இருந்தது. கோர்டோபாவின் பழைய மசூதியில் சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளுக்குக் கீழே நின்று அழுதுவிட்டேன். தமையன் மனைவி, "தலை சுத்துதோ?" என்று கேட்டு ஒரு டொஃபி தந்தார்.

கடைசியாகக் கிரனாடா. அரண்மனைக்குள் நுழைய ஒன்றரை மணிக்கு டிக்கெட். அந்த நேரத்தைத் தவறவிட்டால் பிறகு உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும். நாலு பேரின் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கணவரின் இடுப்புப் பையில் இருந்தன. நியூசிலாந்து வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பாஸ்போர்ட்டுக்கு இடம் அந்தப் பைதான்.

அன்று காலை பார்த்துக் குக்கர் கருகியது.

"சோறில்லாமல் நான் குளுசை போட ஏலாது," என்றார் தமையன். சீனி வியாதிக்கு மாத்திரை போடுகிறவர்.

"அண்ணை சாப்பிடட்டும். பிறகு போவம்," என்றார் கணவர்.

தேடித் தேடி ஊருக்குள் ஒரு பாகிஸ்தானிக் கடையைப் பிடித்தோம். சோறு வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. டாக்ஸி பிடித்தால் பத்து நிமிடத்தில் குன்றின் மேல் அரண்மனைக்குப் போய்விடலாம். எனக்கு அந்த இடுப்புப் பையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

"நேரம் போகுது," என்றேன்.

"ஓம் ஓம், போவம்."

மூத்தவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து தனியே போவது எங்கள் வீட்டு மருமகள்கள் செய்கிற வேலை இல்லை. நான் எழும்பவில்லை. "அத்தான், இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டவளும் நான்தான். தமையன் போடச் சொன்னார்.

அரண்மனை வாசலுக்குப் போனபோது இரண்டரை. டிக்கெட்டைப் பார்த்த பெண் மரியாதையாகத் தலையை ஆட்டி மறுத்தாள்.

"தோட்டம் பாக்கலாமாம், வாரும்," என்றார் கணவர். "சுவர் தானே. நீர் கடையில பாக்காததோ?"

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆக்லாந்து திரும்பியதும் தமையன் வீட்டில் விருந்து. அவர் வந்தவர்களுக்கு டிவியில் படங்களை ஓடவிட்டு, வெளிச்சுவரைக் காட்டி, "இதுதான் அரண்மனை" என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். பல மாதம் கணவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடையில் என்னோடு வேலை செய்யும் மலேசியப் பெண்ணிடம், "பாஸ்போர்ட்டைக் கேட்டனான், மனுசன் தரேல்லை" என்று சொல்லிச் சொல்லி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

ஒருநாள் அவளுக்கே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "இனிமேயாச்சும் அத வாங்கி நீங்களே வச்சுக்கங்க அக்கா," என்றாள்.

அன்று மாலை, சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போய் நின்றேன். "என்ர பாஸ்போர்ட்டைத் தாங்கோ."

அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த பையின் ஜிப்பை இழுத்து, தேடி எடுத்து, "இந்தாரும்," என்று நீட்டினார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த மலேசியப் பெண்ணிடம் நான் சொன்னது பொய். கிரனாடாவில் நான் பாஸ்போர்ட்டைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அங்கேயும் இப்படித்தான், சோற்றுக் கையைத் துடைத்துவிட்டு, எடுத்துத் தந்திருப்பார்.