ஆந்தை இருந்த இடத்தில் மயில்

இரண்டாயிரங்களின் நடுவில், சுங்கத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தேன். விதிமுறை தெரிந்த ஒருவர் நாற்காலியில் இருக்கிறார் என்று காட்டத்தான் அந்தப் பதவி என்பது பிறகுதான் புரிந்தது.

ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகக் கடைக்கு டி-ஷர்ட் ஆர்டர். நெஞ்சில் பழைய எகிப்தின் சித்திர எழுத்துகள்; பாதிக்கு மேல் பறவைகள். எங்கள் முதலாளி தீவிர முருக பக்தர். அச்சுக்குப் போகும் நாளில், மேனேஜரும் பிரிண்டிங் மாஸ்டரும் சுற்றி நிற்க, டிசைனைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏனுங்க, ஆந்தைய நெஞ்சுல போட்டுட்டு எவனாச்சும் ஊட்ட உட்டு வெளிய போவானுங்களா? மயிலா மாத்தச் சொல்லுங்க."

டிசைன் போடும் பெண் திருநெல்வேலிப் பக்கம். "அது படம் இல்ல சார், எழுத்து. ஆந்தைன்னா 'ம்'முனு சத்தமாம். மாத்துனா வார்த்தையே கெட்டுப்போவும்" என்றாள். பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், ஒப்புக்கொண்டு சீல் வைத்த சாம்பிளில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்று நானும் சொன்னேன்.

"வெள்ளைக்காரன் குருவி குருவியா எண்ணிட்டா இருக்கப் போறான், சாமி?" என்ற முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீ மாத்து கண்ணு."

எகிப்து எழுத்தில் இல்லாத மயில்கள் திருப்பூரில் அச்சேறின.

பையரின் தர ஆய்வாளர் வந்தார். சாம்பிளை விரித்து, விரல் வைத்து, குருவி குருவியாகத்தான் எண்ணினார். மயிலில் விரல் நின்றது.

முதலாளி கண் இமைக்காமல் அந்தப் பெண்ணைக் காட்டினார். "இந்தப் புள்ள தெரியாம வரஞ்சிருச்சுங்க."

ஆர்டரைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கினால் இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் கேட்டைத் திறக்காது. மேனேஜர் முதல் பிரிண்டிங் மாஸ்டர் வரை, அன்று அந்த உத்தரவைக் காதால் கேட்ட அத்தனை பேரும் திடீரென்று தரையை ஆராயத் தொடங்கினார்கள்.

நான் முதலாளியைக் கைகாட்டினேன். "மாற்றச் சொன்னது இவர். வேண்டாம் என்றது அந்தப் பெண். நான் சாட்சி" என்று ஆங்கிலத்தில் ஒருமுறையும், தரையைப் பார்த்தவர்களுக்காகத் தமிழில் ஒருமுறையும் சொன்னேன்.

சரக்கு நிராகரிக்கப்பட்டது. "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாங்க சாமி" என்றார் முதலாளி. துரத்தும்போதுகூட மரியாதைக்குக் குறைவில்லை. அவளையும் வேலையிலிருந்து நிறுத்தினார்.

"போட்டும் சார். இனி எவனும் என்னையக் குத்தம் சொல்ல முடியாதுல்லா?" என்றாள் கேட்டருகே. நடந்தது ஊருக்குள் பரவ, மங்கலம் பக்கம் வேறொரு கம்பெனி அவளை அழைத்துக்கொண்டது.

அந்தப் பனியன்கள் நடைபாதைக் கடைகளுக்கு வந்தன. யார் நெஞ்சிலாவது அந்த மயிலைப் பார்த்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது. பொய் சொன்ன ஒருவர்மேல் இருப்பதைவிட, அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்மேல்தான் கோபம் அதிகம்.