சூசையப்பருக்குக் கீறிய பூசணிக்காய்கள்

போன கிழமை மன்னார்ச் சந்தையில் ஒரு பூசணித் துண்டு வாங்கினேன். மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. பூசணியை அவித்து மசித்து இரண்டு கரண்டி கொடுத்துப் பாருங்கள் என்று மிட்வைஃப் அக்கா சொல்லியிருந்தார். தேக்கரண்டியா, மேசைக்கரண்டியா என்று நான் அவரிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு, தட்டையாகவா குவித்தா என்று கேட்க மறந்தது நினைவுக்கு வந்து, தொலைபேசி எடுத்தும் கேட்டேன்.

துண்டைக் கழுவும்போது தோலில் ஒரு தழும்பு தெரிந்தது. நேராக ஒரு கோடு. அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு தொடங்கி, கத்தி பட்ட இடத்தோடு நின்றிருந்தது. மீதிக் கோடு வேறு யாருடைய கூடையிலோ போயிருக்கும். நறுக்க எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ன, பழுதோ?" என்றார் கணவர்.

"இது ஆரோ கோயிலுக்கு நேர்ந்த காயா இருந்தா?"

"சந்தையில காசு குடுத்துத்தானே வாங்கினனீர்."

"வித்த ஆள் தெரியாம வித்திருந்தா?"

அவர் மடியிலிருந்த மகளிடம், "உங்கட அம்மாவோட நாங்கள் ரெண்டு பேரும் எப்பிடிச் சீவிக்கப் போறமோ தெரியேல்லை" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நறுக்கிய பூசணியின் அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறினால் எனக்கு ஒன்பது வயதாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

மன்னாரில் அரிப்பு என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா கடலுக்குப் போவார். அம்மா வளவுக்குள் எதையாவது நட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் மணலில் எதுவும் இலேசில் காய்க்காது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்ததில் பூசணிக்கொடி கிணற்றடியில் தொடங்கி வேலி வரைக்கும் ஓடிப் படர்ந்துவிட்டது. அம்மா ஒரே மூச்சில் இரண்டு வாக்குக் கொடுத்தார். முதல் காய் எங்கள் கோயில் புனிதர் சூசையப்பருக்கு. மிச்சத்தை விற்று, நான் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்கு வெள்ளைச் சப்பாத்து. இரண்டாவது வாக்கைக் கேட்ட நாளிலிருந்து நான் கொடியைத் தினமும் மூன்று தரம் போய்ப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நேர்ந்த காய் கைப்பிடி அளவில் பிஞ்சாக இருக்கும்போதே அதன் தோலில் ஊசியால் சிறிய சிலுவை கீறி விடுவார்கள். காய் பருக்கப் பருக்கக் கீறலும் தழும்பாகி அகலும். பிறகு அந்தக் காயில் வீட்டார் யாரும் கை வைப்பதில்லை. திருநாள் அன்று அது கோயிலுக்குப் போகும், பூசை முடிய ஏலத்தில் விடுவார்கள்.

"நீ புதுநன்மை எடுக்கப்போற பிள்ளை. உன்ர கையால கீறு" என்று அம்மா தன் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தார். "முதல் காயில. வடிவாப் பாத்துக் கீறு."

வடிவாகத்தான் பார்த்தேன். பிரச்சினையே அதுதான். கிணற்றடியில் ஒரு பிஞ்சு இருந்தது. அதில் கீறினேன். அடுத்தநாள் பார்த்தால் வேலிப்பக்கம் இலைக்குக் கீழே அதைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று. அப்படியென்றால் முதல் காய் அதுவல்லவா? அதிலும் கீறினேன். முதல் காய் என்றால் முதலில் பூத்ததா, முதலில் பிஞ்சு பிடித்ததா, எல்லாவற்றிலும் பெரியதா? மறைக்கல்வி வகுப்பில் அந்தக் கிழமைதான் காயீன், ஆபேல் கதை நடந்திருந்தது. ஆபேல் ஆட்டுக்குட்டி கொடுத்தான், கடவுள் ஏற்றுக்கொண்டார். காயீன் கொடுத்தது தோட்டத்துக் காய்கனி, கடவுள் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் ஆடு இல்லை. இருந்ததெல்லாம் பூசணிக்காய்தான். காயீனின் வழியில் போகாமல் இருக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஒரு கிழமைக்குள் பதினொரு காயில் சிலுவை கீறினேன்.

பன்னிரண்டாவது ஒன்று இருந்தது. வேலியோரம், ஒரு பழைய வாளிக்குப் பின்னால். ஊசியோடு அதன் முன்னால் குந்தியிருந்தேன். வெள்ளைச் சப்பாத்து கண்ணுக்குள் வந்தது, பக்கத்தில் வைத்துத் தைத்த குட்டிப் பூவோடு. ஊசி முனை வளைந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழும்பி வந்தேன். ஊசி வளையவில்லை. வாளியையும் கொஞ்சம் இழுத்து மறைத்துவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

மாசி மாதத்தில் ஒருநாள் அம்மா காய்க்குக் கீழே தென்னம் பன்னாடை வைக்கப் போனார். மண்ணில் பட்டுக் கறை பிடிக்கக்கூடாதாம், சந்தைக்குப் போகிற காய்கள்.

"இது ஆர் கீறினது?"

"நான்தானம்மா. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது?"

"அதுவும்."

அம்மா ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனார். தட்டு அளவுக்கு வளர்ந்த சிலுவைகள். பிஞ்சில் நடுங்கிக் கீறிய கோணல்கூட அப்படியே பெருத்திருந்தது. அம்மா கிணற்றுக் கட்டில் போய் இருந்துவிட்டார்.

அப்பா வந்து சுற்றிப் பார்த்தார். "சூசையப்பர் தச்சுவேலை செய்யிற ஆள். இவ்வளவு பூசணிக்காயையும் வச்சு அவர் என்ன செய்வார்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தோலைச் சீவிப்போட்டு வித்தா ஆருக்குத் தெரியும்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"குடுக்க வேண்டியவருக்குத் தெரியும்" என்றார் அம்மா.

"நீர்தானே மாரி முடிஞ்ச நாளிலயிருந்து தண்ணி அள்ளி ஊத்தினனீர்."

"ஊத்தினது நான். காய்க்க வச்சது நானே?"

சப்பாத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் கேட்கவுமில்லை. கீறியது என் கைதானே.

சூசையப்பர் திருநாள் அன்று அப்பா சைக்கிளில் நான்கு தரம் கோயிலுக்குப் போய்வந்தார். கிணற்றடிக் காயை மட்டும் அம்மா தானே தூக்கிக்கொண்டு, காணிக்கை நேரத்தில் பீடத்துக்குப் போனார். பிள்ளையைக் கொண்டுபோவதைப் போல இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். திரும்பி வரும்போது அவர் முகம் அவ்வளவு இலேசாக இருந்தது. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஏலம் விட்டவர் கோயில் மூப்பர். முதல் காய்க்கு நல்ல போட்டி. நேர்த்திக் காயை வாங்கிச் சமைப்பது ஆசீர்வாதம் என்பார்கள். மூன்றாவது காய் வரும்போது சனம் கடலைக்காரியின் பக்கம் நகர்ந்துவிட்டது. ஐந்தாவதைத் தூக்கிய மூப்பருக்கே குரல் போய்விட்டது.

"சூசையப்பற்ற பூசணிக்காய். கேளுங்கோ. ஆரும் கேளுங்கோவன்."

"மூப்பர், சேவல் கீவல் ஒண்டும் வரேல்லையோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அந்தப் பிள்ளையை எங்கட வளவுப் பக்கம் விட்டிடாதேங்கோ. தென்னையிலயும் கீறிப்போடும்" என்றார் ஒரு மாமி. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றேன்.

மிஞ்சிய ஏழு காய்களும் கோயில் குருவான சுவாமி தங்கியிருந்த அறைவீட்டுக்குப் போயின. எங்கள் பங்குச் சுவாமி மெலிந்த மனிதர், தனி ஆள். அவருக்குச் சமைத்தவரோ எதையும் எறிய மனமில்லாதவர். பூசணிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய்ப் பொரியல், பூசணிக்காய்ச் சூப்பு என்று பட்டியல் ஊருக்குள் தினமும் வந்து சேர்ந்தது. இரண்டாவது கிழமைப் பிரசங்கத்தில் பாலைவனத்தில் ஒவ்வொரு நாளும் மன்னா என்ற ஒரே சாப்பாட்டையே தின்ற மக்களைப் பற்றிச் சுவாமி மிகவும் உருக்கமாகப் பேசினார்.

அதற்கடுத்த சனிக்கிழமை எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். புதுநன்மைக்கு முதல்நாள். நான் ஒரு கிழமையாக நித்திரை கொள்ளவில்லை. பதினொன்றைக் கொடுத்தவள் என்று ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒளித்த ஒன்றைப் பற்றிக் கடவுளுக்கும் எனக்கும்தான் தெரியும். வாளிக்குப் பின்னால் அது நாளுக்கு நாள் பருத்துக்கொண்டும் வருகிறது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் இருந்து, பொய், கோள், தேங்காய்ச் சொட்டுக் களவு எல்லாவற்றையும் ஓடி ஓடிச் சொல்லி முடித்தேன்.

"வேற?" என்றார் சுவாமி.

"கடவுளுக்குக் குடுக்கவேண்டிய ஒண்டை ஒளிச்சு வச்சிட்டன் சுவாமி."

"என்னத்தை?"

"ஒரு பூசணிக்காய்."

எங்களுக்கு நடுவில் இருந்த தட்டிக்கு அந்தப் பக்கம் கதிரை கிறீச்சிட்டது. பிறகு மெல்லக் கேட்டார், "என்ன பெருசு?"

"எல்லாத்திலயும் பெருசு சுவாமி. பின்னேரம் அப்பாட்டச் சொல்லிக் கொண்டாறன்."

"வேண்டாம்."

அவர் சொன்ன வேகம், வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கும் கேட்டது. சுவாமி இருமினார். "வேண்டாம் பிள்ளை. அது உங்களுக்கெண்டு அவர் விட்டது. அம்மாட்டக் குடுத்துக் கறி வைக்கச் சொல்லு. வீட்டில எல்லாரும் இருந்து சாப்பிடுங்கோ. அதுதான் உனக்கு அபராதம்."

"அருள்நிறைந்த மரியே செபம் எத்தினை சொல்ல சுவாமி?"

"ஒண்டும் சொல்லவேண்டாம். நீ குடுத்தது காணும், போதும். கடவுளுக்குக் காணும்."

அன்று இராச் சாப்பாட்டுக்கு அந்தக் காய் சட்டிக்குப் போனது. உண்மையைச் சொன்னபோது அம்மா என் தலையில் குட்டினார், பிறகு அதே கையால் தடவினார். அபராதம் நிறைவேறாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நான் மூன்று கோப்பை சாப்பிட்டேன். அடுத்தநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மாவின் மகளுடைய சப்பாத்தில் கடதாசி அடைத்துப் போட்டுக்கொண்டு, புதுநன்மைக்குப் போனேன். பீடத்துக்குப் போகும் வழியில் ஒரு சப்பாத்து கழன்று நின்றுவிட்டது. திரும்பி எடுப்பது மரியாதையா, விட்டுவிட்டுப் போவது மரியாதையா என்று யோசித்து, மற்றதையும் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். எரிகிற முட்செடிக்கு முன்னால் மோசே செய்ததுதானே என்று அப்பா பிறகு எல்லோருக்கும் சொன்னார்.

இப்போது ஏலம் இல்லை. வருடத் தொடக்கத்தில் பெயர் எழுதிய காணிக்கை உறைகள் வீட்டுக்கு வருகின்றன. எங்கள் கிணறு உப்பாகிவிட்டது, கொடி படர்ந்த இடத்தில் அம்மா ஒன்றும் நடுவதில்லை. சந்தையில் பூசணி துண்டாகத்தான் வருகிறது. எது முதல் காய் என்று கேட்டால் விற்கிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். சுவாமி மாற்றலாகிப் போய், அங்கேயே காலமாகிவிட்டார். அந்தத் தட்டிக்குப் பின்னால் இருந்து, காணும் என்று சொன்ன குரலைத்தான் நான் இப்போது தேடுகிறேன்.

ஏனென்றால் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி வாட்டில், வலி உச்சத்தில் இருந்தபோது, இந்தப் பிள்ளையை உயிரோடு தாரும், இது உம்முடையது என்று நான் கடவுளிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னதை நான் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குச் இலேசாகக் காய்ச்சல் காய்ந்தாலும் அந்த வார்த்தை வந்து முன்னால் நிற்கிறது. அவளும் முதல் காய் அல்லவா.

அன்று அந்தத் துண்டை அவித்தேன். மசித்தேன். முதல் கரண்டியை வாயில் வைத்ததும் மகள் அதை முழுதாக என் சட்டைக்கே திருப்பித் தந்தாள். இரண்டாவதை விழுங்கினாள். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள். இரண்டுதானே சொன்னார்கள் என்று நான் கரண்டியோடு நின்றேன்.

"குடுமன், பிள்ளை கேக்குது" என்றார் கணவர்.

கொடுத்தேன். பிறகு, தினமும் செய்வதைப்போல, அவள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டேன், நகம் படாமல். அவளுக்கு அது கூசியிருக்க வேண்டும், சிரித்தாள். காணும் என்று யாரும் சொல்லவில்லை.