அண்ணாவின் வில்லும் மீசையும்

பருத்தித்துறையை அடுத்த ஒரு கடற்கரை ஊரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்து, எசன் நகரில் கண்மூடிய எங்கள் அன்பு அண்ணாவின் முப்பத்தோராம் நாள் இன்று. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை முதலில் தம்பியிடம்தான் கொடுத்தார்கள். அவன் எழுதிக் கொண்டுவந்த முதல் வரி, "எங்கள் அண்ணா அமைதியே உருவானவர்" என்று இருந்தது. யாருடைய அண்ணாவைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்று கேட்டுத் தாளை வாங்கிக்கொண்டேன். தன் மலரைப் படிக்கிறவர்கள் அழக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் வைத்தே சொல்லிவிட்டுப் போனவர் அவர். ஆகவே உறவினரும் நண்பர்களும் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

அண்ணா இருபது வயதில் ஜெர்மனிக்கு வந்தார். அகதி விடுதியில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தார். உணவகத்தில் கோப்பை கழுவினார், பிறகு தளபாடக் களஞ்சியம் ஒன்றில் பாரம்தூக்கி வண்டி ஓட்டினார். என்னைக் கூப்பிட்டார், தம்பியைக் கூப்பிட்டார், எங்கள் இருவருக்கும் கலியாணம் செய்து வைத்தார். தாய் தகப்பன் இல்லாத குறை எங்களுக்குத் தெரியவில்லை. "செய்யிறன்" என்று அவர் வாயில் வந்துவிட்டால் அது செய்தாகிவிட்டது என்று நாங்கள் போய்ப் படுத்துவிடலாம். அப்படி ஒரு மனிதர்.

அவருடைய மீசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலியாணத்துக்கு முன்பே வளர்த்த மீசை. அவருடைய மனைவி, என் மச்சாள், அவருடைய மேலுதட்டைக் கண்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னக் கத்தரிக்கோலோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றாரென்றால் அந்த வீட்டில் வேறு யாரும் பல் தீட்ட ஏலாது. பெண் பிள்ளைகள் இருவரும் வாசலில் வரிசையில் நிற்பார்கள்.

வில் அவர் கைக்கு வந்தது யூரோக் காசு வந்த புதிதில். களஞ்சியத்தில் உடைந்த தளபாடங்களைத் திருத்தும் தச்சர் ஹொர்ஸ்ட். அண்ணாவை விடப் பத்து வயது மூத்தவர், அண்ணாவை விடப் பெரிய மீசைக்காரர். ஒரு நாள் இடைவேளையில் ஹொர்ஸ்ட் நீளமான மரத்தடி ஒன்றைச் சீவிக்கொண்டிருக்க, அண்ணா போய் உலக்கை செய்கிறீர்களா என்று விசாரித்திருக்கிறார். உலக்கை என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவே அந்த இடைவேளை போய்விட்டதாம். மறுநாள் அது வில் என்று தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை அண்ணா காட்டில் நின்றார்.

ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் காட்டுப் பாதை நெடுக நுரைப்பஞ்சில் செய்த மான், பன்றி, கரடிகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். வேட்டைக்குப் போவது போலவே மலை ஏறி இறங்கி அவற்றுக்கு அம்பு விட வேண்டும். ஹொர்ஸ்டின் கூட்டம் பழைய முறைக்காரர்கள். ஒரே மரத்தில் சீவிய வில், மர அம்பு, வாத்து இறகு, அவ்வளவுதான். குறிபார்க்கிற கருவி எதுவும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அண்ணா ஏரிக்கரையில் வாத்து இறகு பொறுக்கி, ஒரே பக்கத்துச் சிறகின் இறகுகளாகப் பிரித்து, அம்பில் ஒட்டி நூல் சுற்றப் பழகினார். நாண் அறைந்து கை வீங்காமல் இருக்க மணிக்கட்டில் கட்டும் தோல் கவசத்தை மச்சாளின் கைப்பையை வெட்டித் தைத்தார். பை பழையது என்பது அண்ணாவின் கட்சி. நாணுக்குத் தேன்மெழுகு பூசச் சொன்னால் இவர் நல்லெண்ணெய் பூசிவிட்டார். நல்லெண்ணெய்க்கு மிஞ்சிய சாமான் உலகத்தில் இல்லை என்பது அவருடைய கொள்கை. ஹொர்ஸ்ட் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தாராம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அண்ணா வில்லைத் தொடமாட்டார். விரத நாளில் பஞ்சு மானென்றாலும் மான்தானே என்பார்.

சின்ன மகளின் பிறந்தநாளில்தான் வினை வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணா தன் குறியின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது.

"பஞ்சுப் பன்றி நிண்டு தரும் மச்சான். உயிர்ப் பன்றி நிக்குமே?"

அண்ணா சிரிக்கவில்லை. ஹங்கேரியில் வில் வேட்டைக்கு அனுமதி இருக்கிறது, இலையுதிர் காலத்தில் ஹொர்ஸ்டோடு போகத்தான் போகிறேன் என்றார். பிறகு மீசையில் கையை வைத்தார்.

"ஒரு பன்றி விழுத்தாமல் வந்தனெண்டால் இந்த மீசையை எடுக்கிறன்."

மச்சாள் கேக் வெட்டிய கத்தியோடு அப்படியே நின்றார். சொன்னது யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணாவின் வாயிலிருந்து வந்த சொல் திரும்பிப் போனதில்லை.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த ஆண்டு அது. ஊரெல்லாம் பந்தைப் பார்க்க, அண்ணா பன்றியைப் பற்றிப் படித்தார். பன்றிக்குக் கண் மந்தம், மூக்குத்தான் எல்லாம் என்று ஹொர்ஸ்ட் ஓயாமல் ஓதினார். பயணத்துக்கு முந்திய வாரங்களில் அண்ணா மணச் சவர்க்காரத்தை விட்டார். முகப்பவுடரை விட்டார். திருநீறுகூட மணக்குமென்று பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெறும் நெற்றியோடு திரிந்தார். வேட்டைச் சட்டையை அப்பச்சோடாவில் தோய்த்து, பால்கனியில் ஊசியிலைக் கொப்புகளுக்கு நடுவே தொங்கவிட்டார். மீன் பொரிக்கிற நாளில் பால்கனிக் கதவைத் திறக்க மச்சாளுக்கு அனுமதி இல்லை. மனிசனுக்குச் சவர்க்காரம் போடவேண்டாம் என்று சொல்லுகிற சிநேகிதம் என்ன சிநேகிதம் என்று மச்சாள் என்னிடம் போனில் புலம்புவார்.

இவ்வளவும் செய்தவர் கடைசி நாளில் என்ன செய்தார் தெரியுமா? அங்கே தங்கப் போவது ஒரு ஹங்கேரிக் குடும்பத்தின் வீட்டில். ஒருவர் வீட்டுக்கு முதன்முதல் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் குசினியில் செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் தானே நின்று வறுத்து, அரைத்து, ஒரு கிலோ கறித்தூளைச் சூட்டோடு கட்டி எடுத்துப் போனார். வாசத்தைப் பற்றி என் கணவர் கேட்டதற்கு, மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றியிருக்கிறது என்றார். பிறகு அந்தப் பொட்டலத்தை, நசுங்கிவிடக்கூடாதென்று, பயணப் பைக்குள் மெத்தென்ற ஒரு சாமானுக்குள் பொதிந்து வைத்தார். அந்த மெத்தென்ற சாமான் வேட்டைச் சட்டை.

அங்கே நடந்ததை அவரே ஆயிரம் தரம் எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். அந்தி நேரம். ஓக் மரத்தின் கீழ் அசையாமல் நிற்கிறார். பழைய முறை வில்லுக்குப் பன்றி முற்றத்துத் தூரத்துக்கு வரவேண்டும். வந்தது. நல்ல தனியன், கூட்டத்தை விட்டுத் திரிகிற ஆண் பன்றி. அண்ணா மெல்ல நாணை இழுக்கிறார். பன்றி மூக்கைத் தூக்கியது. ஒரு தும்மல். இன்னொரு தும்மல். பிறகு காடு பிளக்க ஓடியது. மறுநாளும் அதே கதை, வேறு பன்றி. ஹொர்ஸ்டுக்கு ஏன் மணக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வருடக்கணக்காக அண்ணாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர். அவருடைய மூக்குக்கு அது அண்ணாவின் மணமாகவே போய்விட்டது. கடைசியில் சங்கதியைக் கண்டுபிடித்தது அந்த வீட்டுக்காரி. தோய்க்கச் சட்டையைக் கேட்டு வாங்கியவர், மோந்து பார்த்துவிட்டு, இதைச் சமைப்பதா தோய்ப்பதா என்று கேட்டாராம்.

கடைசி அந்தியில் ஹொர்ஸ்டின் அம்பில் ஒரு பன்றி விழுந்தது. காட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஹொர்ஸ்ட் ஒரு யோசனை சொன்னார். இதை உன்னுடையதென்று கொண்டு போ, நான் யாருக்கும் சொல்லமாட்டேன், காட்டில் நின்றது நாம் இருவர்தானே என்றார். நல்ல மனதோடு சொன்னது. அண்ணா அவர் தோளில் தட்டி, காட்டில் நின்ற இருவரில் நானும் ஒருவன் என்றாராம். அன்றைக்கே வீட்டுக்காரியின் கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசையை எடுத்துவிட்டார். ஹொர்ஸ்ட் பதறிப் போய்க் காரணம் கேட்டார். எங்கள் ஆட்கள் இரண்டு காரணத்துக்கு மீசை எடுப்போம் என்று அண்ணா விளங்கப்படுத்தினார். ஒன்று, சொன்ன சொல் தவறினால். மற்றது, சொந்தத்தில் ஒருவர் செத்தால்.

வீடு வந்து மணியடிக்க, மச்சாள் கதவைத் திறந்து, "ஆர் வேணும்?" என்று கேட்டார். சின்ன மகள் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டாள். நாங்கள் செய்தி கேட்டு ஓடினோம். என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"மச்சான், நான் பகிடிக்குத்தானே சொன்னனான்."

"நான் பகிடிக்குச் சொல்லேல்லை," என்றார் அண்ணா.

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். ஹொர்ஸ்ட் பங்கு தந்த பன்றி இறைச்சியை, இது ஹொர்ஸ்டின் பன்றி என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அறிவித்து, மிஞ்சியிருந்த அதே கறித்தூளில் கறி வைத்துக் கொடுத்தார். அப்படி ஒரு கறியை நான் பிறகு சாப்பிடவில்லை. மீசை தை மாதத்துக்குள் பழையபடி வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் சனிக்கிழமை தவறாமல் இருவரும் காட்டுக்குப் போனார்கள். கறித்தூள் இல்லாமல்தான். இதய நோய் வந்த பிறகு அண்ணாவுக்கு வில்லை இழுக்க ஏலாமல் போனது. ஹொர்ஸ்ட் இழுக்க, இவர் பின்னால் மடக்குக் கதிரையில் இருந்து குறை பிடித்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியிலும் அதே கூத்துத்தான். கடைசிக் காலையில்கூடத் தாதிக்குப் பன்றி தும்முவதை நடித்துக் காட்டியிருக்கிறார். அன்று மத்தியானம் போய்விட்டார். எங்களுக்கு நெஞ்சு வெடித்துப் போயிற்று. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

இறுதிக் கிரியைகளை ஆண் பிள்ளைக்குப் பதிலாகத் தம்பி செய்தான். அன்று விடியவே மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான். மண்டபத்தில் கிரியை தொடங்கும் நேரம், கறுப்பு உடுப்போடு ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். கையில் வாத்து இறகு கட்டிய ஒற்றை மர அம்பு. யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. மேலுதடு வெளிறிப் போய், புதிதாய்ச் சவரம் செய்த இடத்தில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தது. அன்று யார் வேண்டும் என்று கதவில் கேட்ட மச்சாள் இந்தத் தடவை கேட்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நிற்கவிட்டார். ஹொர்ஸ்ட் அம்பை அண்ணாவின் கையோரம் வைத்துவிட்டு, தடவ ஒன்றும் இல்லாத மேலுதட்டைத் தடவினார்.

அண்ணாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்து தந்த எசன் உறவுகளுக்கும், தூர இடங்களிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், களஞ்சியத் தோழர்களுக்கும், காட்டுக் கூட்டத்தினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஹொர்ஸ்டின் பெயரை இதில் சேர்க்கவில்லை. தம்பி அதைப் பெரிய பிழையென்று சுட்டிக் காட்டினான். பிழை இல்லை. வீட்டு ஆட்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

தங்கை