தகரத்துக்குப் பிடித்த நோன்பு

சின்ன வயதில் எனக்குத் தேர்தல் என்றால் இன்னொரு பெருநாள். கல்முனையில் எங்கள் வீதிக்குள் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ நுழைந்தால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அந்த முறை எங்கள் வட்டாரத்தில் அரிசி மில் ஹாஜியார் தேர்தலில் நின்று வோட்டுக் கேட்டார். மாலையானால் அவர் வீட்டு வளவில் மாடறுத்துச் சமையல். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக ஊரே உட்கார்ந்து தின்றது. எதிர்த்துக் கேட்டவர் என் சின்ன மாமா, உம்மாவின் தம்பி. சைக்கிளில் உடுக்கிற சாரம் விற்பவர். வருகிறவர்களுக்கு அவரால் பிளேன்டீதான் கொடுக்க முடிந்தது, அதுவும் சில நாள் சீனி இல்லாமல்.

எங்கள் கூரையோ பொல்லாத ஒழுக்கு. மழை பெய்தால் தம்பியைத் தூக்கிக்கொண்டு உம்மா மூலை மூலையாக மாறுவார். ஹாஜியாரின் ஆட்கள் வீடு வீடாகப் புதுத் தகரம் இறக்கினார்கள். சும்மா இல்லை, அல்லாஹ் மேல் சத்தியம் செய்து வோட்டை உறுதிப்படுத்த வேண்டும். உம்மாவும் குனிந்த தலையோடு சத்தியம் செய்தார். எதிராளியின் ராத்தாவே, கூடப்பிறந்த அக்காவே மடங்கியதில் அவர்களுக்குப் பெரிய புளுகம், பெருமை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மாமாவிடம் கோள் சொன்னேன். அவர் வந்து புதுத் தகரம் போட்ட கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல கனதியான தகரம் ராத்தா. இனிப் புள்ளைகள் நனையாது."

உம்மா முந்தானைக்குள் முகத்தைப் புதைத்து அழுதார்.

ஆனால் வென்றது மாமா! எனக்குத் தலைகால் புரியவில்லை. தின்ற வாய்கள், வாங்கிய தகரங்கள், செய்த சத்தியங்கள் எல்லாம் எங்கே போயின?

மறுநாள் உம்மா நோன்பு பிடித்தார். ரமழானும் இல்லை.

"இது என்ன நோன்பும்மா?"

"சத்தியத்த முறிச்சா பத்து ஏழைக்குச் சோறு குடுக்கணும் மகள். ஏலாதவங்க மூணு நோன்பு பிடிக்கணும். வாயப் பொத்திட்டுப் போ."

உம்மா எந்தச் சத்தியத்தை முறித்தார் என்றுகூட நான் யோசிக்கவில்லை. என் கவலையெல்லாம் மாமாவின் வெற்றி. யாரிடமாவது கேட்டே தீருவது என்று கிளம்பினேன். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாச்சி உதடு காய்ந்து படுத்திருந்தார். எதிர் வீட்டிலும் பகல் சோறு இல்லை. அதற்கு அடுத்த வீட்டிலும் இல்லை. கூரைகளில் மட்டும் புதுத் தகரம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

"மாமா எப்பிடி வெண்டார்?" என்று அந்த வீடுகளில்தான் அன்று முழுக்கக் கேட்டுத் திரிந்தேன்.