கம்பத்தில் ஒரு லாட்ஜ், ஒரே ஆள்

சனிக்கிழமை மதியம் ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறினேன். திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி என்று மாறி மாறி வந்து கம்பத்தில் இறங்கும்போது மணி ஏழரை. சின்னமனூர் வரை இரண்டு பக்கமும் நெல்லும் தென்னையும் தெரிந்தன. உத்தமபாளையத்துக்கு அப்புறம் இருட்டிவிட்டது.

தங்கையைக் கூடலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மறுநாள் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். முகூர்த்தம் ஏழரையில் இருந்து எட்டரை. தங்கை வீட்டில் படுக்க இடம் இல்லை. பத்து கிலோமீட்டர் இப்பால் கம்பத்தில் ரூம் எடுத்தேன். வாடகை அறுநூறு.

லாட்ஜில் பதினெட்டு ரூம். வேலைக்கு ஒரே ஆள். பெயர் செல்வி, நாற்பது வயது இருக்கும். பெயர் எழுதியதும் அவர்தான், சாவியோடு மாடிக்கு வந்ததும் அவர்தான். மெத்தை விரிப்பு அழுக்கு என்றேன். மாற்றுகிறேன் என்றார். அதற்குள் கீழே பெல் அடித்தார்கள்.

“மத்தவுக எங்க?” என்று கேட்டேன்.

“நாலு பேரு இருந்தோம். மூணு பேரு மலைமேல ஏலக்காத் தோட்டத்துக்குப் போயிட்டாக. காலையில ஜீப்பு வந்து ஏத்திட்டுப் போகும். அங்கன கூலி கூட.”

“நீங்க போகலையா?”

“மலை ஏறுனா எனக்கு வாந்தி வரும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

விரிப்பு வரவில்லை. துண்டை விரித்துப் படுத்தேன்.

காலை ஆறரைக்குக் குளித்து, சீர்ப் பையோடு இறங்கினேன். கம்பிக் கேட் வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. செல்வி இல்லை. இன்னொரு ரூமில் தங்கியிருந்த விதைக் கம்பெனித் தம்பி ஒருவர் கம்பியைப் பிடித்து நின்றார்.

“ஜெயில்லகூட வார்டன் இருப்பாருண்ணே. போன்ல இந்த லாட்ஜுக்கு ஒரு ஸ்டார்தான் போடப்போறேன்” என்றார்.

மேஜையில் ஒட்டியிருந்த நம்பருக்கு அடித்தேன். மேஜை மேல் இருந்த போனே மணியடித்தது.

ஆறே முக்கால் பஸ் கண் முன்னால் போனது. ஏழு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். “அண்ணே, எங்கன வர்ற? ஆசாரி வந்துட்டாக.” வருகிறேன் என்றேன். கேட்டுக்குள் நிற்பதைச் சொல்லவில்லை.

ஏழு பத்துக்குச் செல்வி வேகமாக வந்தார். கையில் பெரிய பிளாஸ்க்.

“ஆளுகள உள்ள வச்சுப் பூட்டிட்டா போவீங்க?” என்றார் தம்பி.

“டீ கேட்டது நீங்கதான சார். வாங்கியார வேற ஆளு இல்ல. தெறந்து போட்டுப் போய் போன மாசம் ஒரு டிவி போச்சு. ஓனரு என்னையத்தான் வஞ்சாக. இன்னைக்குக் கடையில கூட்டம்.”

தம்பி பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார். ஸ்டார் பேச்சை எடுக்கவில்லை.

கூடலூரில் காதுகுத்து, நான்தான் தாய்மாமன், முகூர்த்தத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் நான் சொன்னேன். செல்வி ரோட்டுக்கு ஓடி ஒரு தோட்டத்து ஜீப்பை மறித்தார்.

“ஏலே, இவுகளக் கூடலூர்ல எறக்கி விடு. காதுகுத்துக்குத் தாய்மாமன்.”

“ஏறச் சொல்லு. நீயும் ஏறுக்கா, எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன்” என்றான் டிரைவர்.

“நானும் ஏறுனா கேட்ட யாருலே தெறக்குறது?”

உள்ளே பெண்கள் தூக்குவாளிகளோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“நானும் அந்த லாட்ஜுல வேலை பாத்தவதான். விரிப்பு மாத்துனாளா?”

“இல்ல.”

“ஒத்த ஆளு என்ன செய்வா” என்றாள்.

டிரைவர் காசு வாங்கவில்லை. ஏழு ஐம்பதுக்கு மருமகள் என் மடியில் இருந்தாள். ஆசாரி குத்தும்போது என் கட்டைவிரலைக் கடித்தாள்.

துணிப்பை எடுக்க நாலு மணிக்கு லாட்ஜுக்குத் திரும்பினேன். என் ரூமில் வெள்ளை விரிப்பு போட்டிருந்தது. நான் காலி செய்கிற நேரம். செல்வி அடுத்த ரூமில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

ஊரில் நான் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறேன். நாலு பேர் இறக்கிய லோடை இப்போது இரண்டு பேர் இறக்குகிறோம். தாமதம் என்றால் லாரிக்காரர்கள் எங்களைத்தான் திட்டுவார்கள். முதலாளி அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார்.

கீழே வந்தபோது புதிதாக ஒருவர் பெட்டியோடு நின்று பெல் அடித்துக்கொண்டிருந்தார்.

“ஆளே இல்லையா?” என்று என்னைக் கேட்டார்.

“இருக்காக. ஒரே ஆளு. மேல விரிப்பு மாத்துறாக. உக்காருங்க” என்றேன்.

அவர் உட்கார்ந்தார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.